வயிறு தொங்கட்டும்

முதுகெலும்பு ஆபரேஷனில் கத்தி படுவதற்கு முன்பே பாதி ரத்தக் கணக்கு முடிந்துவிடுகிறது

ஆபரேஷன் நடந்தது முதுகில். ஆனால் அப்பாவின் உடம்பில் என் கண்ணில் முதலில் பட்ட தடம் முன்பக்கத்தில் இருந்தது. மறுநாள் காலை வார்டில் சட்டை மாற்றிவிடும்போது பார்த்தேன். மார்பின் இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பக்கமும் அதே சிவப்பு. நடுவில் வயிறு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"எதிலயாச்சும் இடிச்சிட்டாங்களா?" என்று அம்மா பதறினாள்.

டியூட்டி நர்ஸ் எட்டிப் பார்த்தார். "குப்புறப் படுக்க வச்சுத்தானம்மா பண்ணுவாங்க. பேடு அழுத்தின தடம். ரெண்டு நாள்ல போயிடும்."

சொன்னபடியே இரண்டு நாளில் போய்விட்டது. அந்த நான்கு சிவப்புத் திட்டுகளைப் பற்றி அதன்பிறகு நான் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. இப்போது அம்மா கேட்டால் சொல்வேன்: இடித்த தடமில்லை அம்மா, அப்பாவின் முழு எடையையும் அந்த நான்கு இடங்கள்தான் நாலரை மணி நேரம் சுமந்தன. வயிற்றில் தடம் இல்லை பார், அதற்காகத்தான் அத்தனை பாடும்.

ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் வீட்டில் கேட்காத கேள்வி இல்லை. எந்த டாக்டர் பண்ணுகிறார், எத்தனை ஸ்க்ரூ, ஒரு ஸ்க்ரூ என்ன விலை, எத்தனை நாளில் நடப்பார், இன்ஷூரன்ஸில் எவ்வளவு கிடைக்கும். மயக்க மருந்து கொடுக்கப்போகிறவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெண் மருத்துவர் வந்து அப்பாவின் வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா என்று பார்த்தார், பிரஷருக்கு என்ன மாத்திரை என்று குறித்துக்கொண்டு போனார். அவர்தான் மயக்க மருத்துவர் என்பதே அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கையை எதற்குத் தூக்கச் சொன்னார் என்பது இன்னும் பல நாள் கழித்துத்தான் புரிந்தது. குப்புறக் கிடக்கும்போது கைகள் தலைக்கு இருபுறமும் மடங்கிக் கிடக்க வேண்டும். தோள் இறுகிப்போன மனிதரை மயக்கத்தில் அப்படி வைத்தால் கைக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் இழுபடும். "வலிக்குது" என்று சொல்ல அப்போது அவரால் முடியாது.

மூன்று எண்ணுவதற்குள்

முதுகெலும்பு அறுவை அரங்கில் காலையில் நடப்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நோயாளி ஸ்ட்ரெச்சரில் மல்லாந்தபடியே மயக்கப்படுகிறார். மூச்சுக்குழாயில் டியூப் இறங்குகிறது. கண்ணிமைகள் மூடி ஒட்டப்படுகின்றன. கையில் தடித்த ஊசியாக இரண்டு, பெரிய ஆபரேஷன் என்றால் மணிக்கட்டுத் தமனியிலும் மெல்லிய குழாய் ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு ஸ்ட்ரெச்சரை ஆபரேஷன் மேஜையோடு ஒட்டி நிறுத்துகிறார்கள். இருபுறமும் ஆட்கள் நிற்கிறார்கள். தலைமாட்டில் மயக்க மருத்துவர். தலையும் டியூபும் அவர் கைப்பொறுப்பு, எண்ணுவதும் அவர்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு. எழுபது எண்பது கிலோ உடம்பு, ஒரு கட்டை போலத் திரும்பி, மேஜைமேல் இருக்கும் மெத்தைத் தாங்கிகளில் முகம் கீழாக இறங்குகிறது.

பார்ப்பவருக்கு இது ஆள் தூக்கும் வேலை. மயக்க மருத்துவருக்கு அன்றைய நாளின் மிகக் கவலையான சில நிமிடங்களில் இதுவும் ஒன்று. திருப்பும்போது சில கம்பிகளையும் குழாய்களையும் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியில் மானிட்டர் குருடு. திருப்பி முடித்து எல்லாவற்றையும் மாட்டி முதல் எண் திரையில் வரும்வரை அவருக்கு நோயாளியின் நாடிமேல் வைத்த தன் விரல்தான் துணை.

குப்புறப் படுத்துத் தூங்குகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று தோன்றலாம். தூங்குகிறவரின் உடம்பு தூங்குவதில்லை. வயிறு அழுந்தினால் புரள்கிறார், கை மரத்தால் இழுத்துக்கொள்கிறார். ரத்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் தசைகள் நொடிக்கு நொடி இறுகியும் தளர்ந்தும் ஓட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. கெண்டைக்கால் தசைகள் அசையும்போதெல்லாம் காலில் இருக்கும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. மயக்க மருந்து இவை எல்லாவற்றையும் கைவிடச் செய்கிறது. குழாய்கள் தளர்கின்றன. தசைகள் துவள்கின்றன. மூச்சும் நம்முடையது இல்லை. நாம் இழுக்கும் மூச்சு நெஞ்சுக்குள் ஓர் உறிஞ்சலை உண்டாக்கி, காற்றோடு சேர்த்து ரத்தத்தையும் இதயத்தை நோக்கி இழுக்கும். வென்டிலேட்டர் செய்வது நேரெதிர். அது காற்றை உள்ளே தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலிலும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, திரும்பி வரும் ரத்தத்தைச் சற்று நேரம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இந்த நிலையில் இருக்கும் ஒருவரைத்தான் குப்புறத் திருப்புகிறார்கள்.

ஓய்வில் இருக்கும் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தை இறைக்கிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர், அதாவது உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆனால் தன்னிடம் வந்து சேர்ந்ததை மட்டுமே இதயத்தால் இறைக்க முடியும். ஊற்று குறைந்த கிணற்றில் கவலை எத்தனை வேகமாக இறங்கி ஏறினாலும் சாலில் வருவது பாதிதான். குப்புறப் படுத்ததும் ஊற்றுதான் முதலில் குறைகிறது. மார்புக்கூடு எடையால் அழுந்துகிறது, வயிறு அழுந்தினால் அங்கிருந்து ஏறிவரும் பெருஞ்சிரை நசுங்குகிறது, கால் தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்குகிறது. மயக்கத்தில் குப்புறத் திருப்பப்பட்டவர்களின் இதயம் நிமிடத்துக்கு இறைக்கும் அளவு எவ்வளவு குறைகிறது என்று பல குழுக்கள் அளந்திருக்கின்றன. படுக்க வைக்கும் விதத்தையும் மயக்க மருந்தையும் பொறுத்து எண்கள் வேறுபடுகின்றன. நான்கில் ஒரு பங்கு வரை இறங்கியதைக் காட்டும் ஆய்வுகள் உண்டு.

நான்கில் ஒரு பங்கு! அப்படியென்றால் மானிட்டரில் பிரஷர் தொப்பென்று விழ வேண்டாமா? பல நேரம் விழுவதில்லை. இந்த விஷயத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது அதுதான். வரத்து குறைந்ததும் உடம்பு கைகால்களின் சிறு குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் குறைவாக வரும்போது வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் வேகமாகப் பீய்ச்சும். பீய்ச்சலைப் பார்த்துத் தண்ணீர் நிறைய வருவதாக நினைத்தால் வாளி நிரம்பாது. 1980களிலேயே இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளந்தவர்கள் இதைக் கண்டார்கள்: அழுத்தம் அப்படியே இருக்கிறது, ஓட்டம் குறைந்திருக்கிறது. ஆகவே பிரஷர் எண் ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க மயக்க மருத்துவருக்கு உரிமை இல்லை. தமனி அலையின் வடிவம், ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த அலை எவ்வளவு ஏறி இறங்குகிறது, வெளிமூச்சில் வரும் கரியமில வாயு, சிறுநீர்ப் பையில் மணிக்கு எத்தனை மில்லி என்று நாலாபுறமும் அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அடைத்த மடை, உடைந்த வரப்பு

வயிற்றுக்கு வருவோம். கட்டுரையின் மையம் அதுதான்.

காலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை, முதுகெலும்புக்கு முன்னால், அதையொட்டியே ஏறுகிறது. தமனி போலத் தடித்த சுவர் அதற்குக் கிடையாது. ஈரத்துணி போல மெல்லிய சுவர், உள்ளே அழுத்தமும் மிகக் குறைவு. வயிற்றில் ஒரு தலையணை அழுத்தினாலே அது தட்டையாகிவிடும். மடை அடைபட்டால் தண்ணீர் சும்மா நிற்குமா? வேறு வழி தேடும். அந்த வேறு வழி எங்கே இருக்கிறது என்பதுதான் முதுகு ஆபரேஷனின் பெரும் தலைவலி.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஆஸ்கர் பேட்சன், 1940-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தேடிக்கொண்டிருந்தது வேறொரு புதிருக்கு விடை. புரோஸ்டேட் புற்றுநோய் நுரையீரலைத் தொடாமலே நேராக முதுகெலும்புக்கு எப்படித் தாவுகிறது? இறந்தவர்களின் உடலில், இடுப்புக்கூட்டுக்குள் வடியும் சிரை ஒன்றில் எக்ஸ்-ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். அது பெருஞ்சிரையோடு நிற்காமல் முதுகெலும்பைச் சுற்றியும் அதன் உள்ளேயும் பின்னிக் கிடக்கும் சிரை வலைக்குள் பாய்ந்தது. இடுப்பு முதல் மண்டையோடு வரை நீளும் அந்த வலையில் வால்வுகளே இல்லை. மேலும் ஓடும், கீழும் ஓடும், வயிற்றில் அழுத்தம் ஏறும்போது எல்லாம் பொங்கும். இருமும்போதும் முக்கும்போதும் நம் எல்லோருக்கும் அது நடக்கிறது.

புற்றுநோய்க்காகப் பேட்சன் கண்டுபிடித்த அந்தப் பாதை, முதுகெலும்பு அறுவை மருத்துவருக்கு வேறொன்றைச் சொன்னது. வயிறு அழுந்தினால் பெருஞ்சிரை அடைபடும். அடைபட்ட ரத்தம் முதுகெலும்பின் சிரை வலைக்குத் திரும்பும். டாக்டரின் கத்தி இருப்பதும் அங்கேதான். வாய்க்கால் உடைந்து எந்த வயலுக்குள் போகக்கூடாதோ அந்த வயலுக்குள்ளேயே போன கதை. தண்டுவடத்தைச் சுற்றி மண்புழு போல வீங்கி நிற்கும் சிரைகள் தொட்டால் கசியும். கசிவது தமனி ரத்தம் போலப் பீய்ச்சாது, அதனால் இடுக்கியால் பிடித்துக் கட்டவும் முடியாது. ஊறிக்கொண்டே இருக்கும். பஞ்சை வைத்து அழுத்தி, எடுத்துப் பார்த்து, மறுபடி அழுத்தி, குளத்துக்கடியில் வேலை செய்வது போல் செய்ய வேண்டும். நரம்பு எது, சவ்வு எது என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கருவி வைப்பதன் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மற்ற ஆபரேஷன்களில் ரத்தக் கசிவைக் குறைக்கப் பிரஷரை இறக்கிவைப்பது ஒரு காலத்துப் பழக்கம். முதுகிலும் செய்தார்கள். ஆனால் இங்கே பெரும்பாலும் கசிவது சிரையிலிருந்தும், சிரையோடு தொடர்புள்ள எலும்பின் உள்ளிருந்தும். தமனி அழுத்தத்தை எவ்வளவு இறக்கினாலும், வயிறு அழுந்திக் கிடந்தால் அந்தக் கசிவு நிற்காது.

டொராண்டோவில் செய்த சட்டம்

இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் காலுக்கு இறங்கும் அந்த வலி வருகிறது என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் நிறுவியது 1934-ல். அதிலிருந்து முதுகைத் திறப்பது பெருகியது. திறப்பதற்குக் குப்புறப் படுக்க வைப்பது எளிது, ரத்தத்தைச் சமாளிப்பதுதான் எளிதாக இல்லை. 1940களின் கடைசியில் நோயாளியை மண்டியிட வைத்து, வயிறு மேஜையில் படாதபடி ஆபரேஷன் செய்யும் முறை வந்தது. வயிறு காப்பாற்றப்பட்டது. ஆனால் மடங்கித் தொங்கும் கால்களில் ரத்தம் தேங்கி இதயத்துக்கு வரத்துக் குறைந்தது. விழித்திருந்த ஆரோக்கியமான தன்னார்வலர்களை இப்படி மண்டியிட வைத்து 1990களில் அளந்தபோதுகூட, இதயம் இறைக்கும் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு மணிக்கணக்கில் மடங்கிய கால் தசைகள் நசுங்கிச் சேதமடைவதும் நடந்தது. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நழுவும்.

வயிற்றழுத்தத்தைப் பேச்சாக இல்லாமல் எண்ணாகக் காட்டியவர் பியர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், 1957-ல். பெருஞ்சிரைக்குள் அழுத்தத்தை அளந்தார். வயிறு அழுந்தியபோது 30 சென்டிமீட்டர் நீரளவுக்கு மேல். வயிறு தடையின்றித் தொங்கியபோது 4-க்கு உள்ளே. ஆள் மாறவில்லை, மருந்து மாறவில்லை, படுக்க வைத்த விதம் மட்டும் மாறியது. இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தைச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாடத்தைப் பொருளாக்கியவர்கள் கனடாவில், டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தார்கள். அது முதுகு பக்கவாட்டில் வளைந்த பிள்ளைகளுக்கு நீண்ட எஃகுத் தண்டு பொருத்தி நிமிர்த்தும் காலம். போலியோவால் வளைந்த முதுகுகளுக்காக ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் உருவாக்கிய தண்டு அது. முதுகு முழுக்கத் திறந்து, எலும்பைச் சுரண்டி ஒட்டவைக்கும் ஆபரேஷன். ரத்தம் ஏராளமாகப் போகும். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் உடம்பில் மொத்தமே இரண்டரை லிட்டருக்கு உள்ளேதான் ரத்தம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த அரங்கின் பதற்றம் புரியும். ரெல்டன் அங்கே மயக்க மருத்துவர். ஹால் எலும்பு அறுவை மருத்துவர். இருவரும் சேர்ந்து மேஜைமேல் வைக்க ஒரு சட்டம் செய்தார்கள். நான்கு மெத்தைத் தாங்கிகள், இரண்டு ஜோடியாக. மேல் ஜோடி மார்பின் பக்கவாட்டைத் தாங்கும், கீழ் ஜோடி இடுப்பெலும்பின் முன்புறத்தை. உடம்பு வழுக்காமல் பொருந்த, தாங்கிகள் உட்புறமாகச் சாய்ந்திருக்கும். நடுவில் ஒன்றுமே கிடையாது. வயிறு அந்தரத்தில் தொங்கும்.

1967-ல் பிரிட்டனின் எலும்பு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு சட்டம் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். எலும்பு மருத்துவ இதழில் வந்த கட்டுரையில் மயக்க மருத்துவரின் பெயர் முதலில் இருந்தது. இன்றும் அந்தச் சட்டம் ரெல்டன்-ஹால் என்றே அழைக்கப்படுகிறது. அப்பாவின் உடம்பில் நான் கண்ட நான்கு சிவப்புத் திட்டுகள் அந்தச் சட்டத்தின் வாரிசு ஒன்று விட்டுப்போனவை.

பிறகு எத்தனையோ வகைகள் வந்துவிட்டன. வில் போல வளைந்த வில்சன் சட்டம், நடுவே திறந்த பெரிய மேஜையான ஜாக்சன், மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே இரண்டு உருட்டு மெத்தை. உணவுக்குழாய் வழியாக இதயத்தை எதிரொலிக் கருவியில் பார்த்துக்கொண்டே இவற்றை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. இதயத்தின் வேலையை மிகக் குறைவாகத் தொந்தரவு செய்தவற்றில் ஜாக்சன் மேஜை இருந்தது. அதில் வயிறு முழுசாகத் தொங்கும், கால்கள் இதயத்தின் மட்டத்திலேயே நீண்டிருக்கும். வில்சன் சட்டத்திலேயே தாங்கிகளை அகலமாக வைத்தவர்களுக்கு, நெருக்கி வைத்தவர்களைவிட வயிற்றழுத்தமும் ரத்தப்போக்கும் குறைந்ததைக் கொரிய மருத்துவர் ஒருவர் 2000-ல் காட்டினார். சட்டம் அதே சட்டம்தான். சில அங்குலம் நகர்த்தி வைக்க யாரோ ஒருவர் குனிந்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குனிந்து பார்த்தலுக்கு எந்தக் கருவியும் மாற்று இல்லை. நல்ல மயக்க மருத்துவர் நோயாளியைத் திருப்பியதும் மேஜைக்கு அடியில் கைவிட்டு வயிறு தொங்குகிறதா என்று தடவிப் பார்ப்பார். தாங்கி கீழே இறங்கித் தொடையிடுக்கில் உட்கார்ந்துவிட்டால் காலுக்குப் போகும் தமனி அடைபடும். ஆகவே பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். பெண்களுக்கு மார்பகம் நசுங்காமல், ஆண்களுக்கு விரை சிக்காமல், முழங்கைகளுக்கு அடியில் ஜெல் பேட் இருக்க, கழுத்து முறுகாமல் நேராக இருக்க என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கழுத்து அதிகம் திரும்பினால் மூளைக்குப் போகும் தமனியும் மூளையிலிருந்து இறங்கும் சிரையும் முறுகும். பருமனானவர்களுக்குச் சாதாரணத் தாங்கி போதாது, தொங்கவேண்டிய வயிறு மேஜையில் முட்டிவிடும். மார்பெலும்பு உள்வாங்கிய சிலருக்குத் தாங்கி நேராக இதயத்தின் வலப்பக்க அறையை நசுக்கி, திருப்பிய சில நிமிடத்தில் பிரஷர் சரிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முதுகு வளைந்த பிள்ளைகளில் பலருக்கு மார்புக்கூடும் கோணலாகவே இருக்கும் என்பதால் அவர்களிடம் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

வயிறு மட்டும் தொங்கிவிட்டால் நுரையீரலுக்குக் குப்புறப் படுப்பது நன்மையே செய்கிறது. கொரோனா காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைக் குப்புறப் போட்டு வைத்ததை நாம் எல்லோரும் படங்களில் பார்த்தோம். நுரையீரலின் முதுகுப்புறப் பகுதிகள் விரிந்து ஆக்சிஜன் ஏறுகிறது. 2013-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு அந்த முறைக்கு உறுதியான சான்றாக நின்றது. அதே படுக்கை நுரையீரலுக்கு உதவிக்கொண்டே இதயத்துக்கு வரத்தைக் குறைக்கிறது.

தண்டுவடத்தின் பங்கு

தண்டுவடத்துக்குக் கிடைக்கும் ரத்தம் ஒரு கழித்தல் கணக்கு. தமனி உள்ளே தள்ளும் அழுத்தத்திலிருந்து, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவமும் சிரைகளும் எதிர்த்து அழுத்துவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அதற்கு. வயிறு அழுந்தினால் கழிக்கப்படும் எண் ஏறும். பிரஷரை இறக்கினால் மேலே உள்ள எண் இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், ஏற்கெனவே நசுங்கியிருக்கும் தண்டுவடத்துக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் இன்று தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சராசரி அழுத்தத்தை 85-க்குக் குறையாமல் வைக்கப் பல மருத்துவர்கள் முயல்கிறார்கள்.

தண்டுவடத்துக்குச் சேதமில்லை என்று எப்படித் தெரியும்? 1973-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஸ்டாக்னாராவும் தோழர்களும் ஒரு வழி சொன்னார்கள். முதுகு திறந்திருக்கும்போதே மயக்கத்தை லேசாக்கி, "காலை ஆட்டு" என்று சொல்லிப் பார்ப்பது. இன்று பெரிய மையங்களில் அந்த வேலையைக் கருவி செய்கிறது. மூளைக்கு மின்தூண்டல் கொடுத்துக் கால் தசையில் பதிவு வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க வாயு அந்தப் பதிவை மங்கச் செய்யும். ஆகவே சிரை வழியாகப் புரோபோஃபால் கொடுக்கிறார்கள். அதற்கும் விலை உண்டு. குப்புறத் திருப்பும்போது, வாயு மயக்கத்தில் இருப்பவர்களைவிடப் புரோபோஃபால் மயக்கத்தில் இருப்பவர்களுக்கு இதயம் இறைக்கும் அளவு கூடுதலாக இறங்குவதைப் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2006-ல் காட்டியது. நரம்பைக் கவனிக்க வேண்டுமா, ஓட்டத்தைக் காக்க வேண்டுமா என்ற கேள்வி வரும்போது இரண்டும் வேண்டும் என்பதே பதில். அதற்காகவே குழாய்களை இறுக்கும் நார்-அட்ரினலின் சொட்டுச் சொட்டாக ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரனெக்ஸாமிக் அமிலமும் இப்போது வழக்கமாகிவிட்டது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய மருத்துவத் தம்பதி உடகோ ஒகமோட்டோவும் ஷோசுகே ஒகமோட்டோவும் கண்டுபிடித்த மருந்து அது.

கண்

படித்தவற்றில் என்னைத் தூங்கவிடாதது கண் பற்றிய பகுதி.

முதுகு ஆபரேஷன் நன்றாக முடிந்து, விழித்தெழுந்து, பார்வை இல்லை என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். மிக அபூர்வம். ஆனால் நடந்திருக்கிறது. அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 1999-ல் இதற்கென ஒரு பதிவேடு தொடங்கியது. 2006-ல் அதிலிருந்த முதுகெலும்பு ஆபரேஷன் நிகழ்வுகள் 93-ஐ ஆராய்ந்தார்கள். 83 பேருக்குப் பார்வை நரம்புக்கு ரத்தம் போதாமல் போயிருந்தது. 10 பேருக்கு விழித்திரைத் தமனி அடைபட்டிருந்தது. முகம் பதியும்போது கண் நசுங்கியதுதான் காரணம் என்று அதுவரை பலரும் நினைத்தார்கள். விழித்திரை அடைப்புக்கு அது பொருந்தும். ஆனால் பார்வை நரம்பு பாதித்தவர்களில், தலையை ஊசிப் பிடிமானத்தில் நிறுத்தி, கண்ணில் எதுவுமே படாமல் இருந்தவர்களும் இருந்தார்கள். பார்வை நரம்பு பாதித்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தப்போக்கு, அல்லது 6 மணி நேரமோ அதற்கு மேலோ மயக்கம்.

தலை இதயத்துக்குக் கீழே தாழ்ந்து மணிக்கணக்கில் கிடந்தால், தலையிலிருந்து இறங்க வேண்டிய சிரை ரத்தம் தேங்குகிறது. கண்குழி வீங்குகிறது. அந்த வீக்கத்துக்கு நடுவே இருக்கும் மெல்லிய நரம்புக்குள் நுழைய ரத்தம் போராட வேண்டியிருக்கிறது. 2001-ல் 20 நோயாளிகளின் கண்ணழுத்தத்தை அளந்தார்கள். மயங்கிய பிறகு மல்லாந்தபோது 13 மில்லிமீட்டர், குப்புறத் திருப்பியதும் 27, ஆபரேஷன் முடியும்போது 40. வயிற்றுக்கு நடந்த அதே கதை, இம்முறை தலையில். 2012-ல் வந்த தொடர் ஆய்வு, ஆபத்தைக் கூட்டியவற்றின் வரிசையில் உடல் பருமனையும் நீண்ட நேரத்தையும் ரத்தப்போக்கையும் வில்சன் சட்டத்தையும் சேர்த்தது. வில்சனின் வளைவில் முதுகு மேலே எழும்ப, தலை தாழ்ந்துவிடுகிறது. தலையை இதயத்தின் மட்டத்திலோ சற்று மேலோ வையுங்கள் என்று அந்தச் சங்கம் அறிவுறுத்துகிறது. மேஜையின் தலைமாட்டைச் சில டிகிரி உயர்த்த ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

எட்டு, பத்து மணி நேர ஆபரேஷனை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யலாமா என்று சில மருத்துவர்கள் கேட்பதற்கும் இதுதான் காரணம். நோயாளியின் வீட்டாருக்கு அது அலைச்சலாகவும் செலவாகவும் தெரியும். அப்படி ஒருவர் சொன்னால் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைக் கேளுங்கள்.

இதயம் நின்றால்? குப்புறக் கிடப்பவரின் முதுகு திறந்திருக்கிறது, மார்பு கீழே இருக்கிறது. மல்லாத்த நேரமாகும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகின்மேல் கைவைத்து அழுத்தத் தொடங்கலாம் என்பது இன்று ஏற்கப்பட்ட வழி. 2003-ல் நியூயார்க்கில் ஆறு நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குப்புற அழுத்தியதில் கிடைத்த ரத்த அழுத்தம் மல்லாந்த நிலையில் கிடைத்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தயங்கி நிற்பவர்களின் கைக்கு அது தைரியம் கொடுத்தது. நோயாளியைக் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் எங்கோ தூர வராந்தாவுக்குப் போய்விடாமல் அரங்கின் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

முந்தின நாள் சாயங்காலம்

உங்கள் வீட்டில் யாருக்காவது முதுகு ஆபரேஷன் என்றால், முந்தின நாள் வரும் மயக்க மருத்துவரை உட்கார வைத்துப் பேசுங்கள். பிரஷர் மாத்திரையின் பெயரை அட்டையோடு காட்டுங்கள். டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்றவை ஆபரேஷன் அன்று காலையில் போட்டிருந்தால், திருப்பும் நேரத்தில் குழாய்களை இறுக்கிக்கொள்ளும் உடம்பின் தற்காப்பு சோர்ந்துபோகலாம். பலர் அன்று அதை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், கேளுங்கள். பீட்டா பிளாக்கர் போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அதை வழக்கமாகத் தொடரத்தான் சொல்வார்கள். கண்ணில் பிரஷர் உள்ளவரா, ஸ்டென்ட் வைத்தவரா, நீண்டகால சர்க்கரையா, தோள் தூக்க முடியாதா, குப்புறப் படுத்தால் வீட்டில் மூச்சு முட்டுகிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். "எத்தனை மணி நேரம் குப்புறக் கிடப்பார், எதன்மேல் படுக்க வைப்பீர்கள்?" என்று கேட்கலாம். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியால் எரிச்சலடைய மாட்டார். இத்தனை வருடத்தில் யாராவது அதைக் கேட்டிருப்பார்களா என்றுகூட நினைப்பார்.

அப்பாவை வெளியே கொண்டுவந்தபோது முகம் உப்பியிருந்தது. இமைகள் தடித்து, உதடு வீங்கி, பார்க்க வேறு ஆள் போல இருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமாட்டில் நடந்துவந்த அந்தப் பெண் மருத்துவர் நின்றார். குப்புறக் கிடந்ததால் ரத்தம் தேங்கிய வீக்கம்தான், தலையை உயர்த்தி வைத்திருக்கிறோம், ராத்திரிக்குள் வடிந்துவிடும் என்றார். பிறகு அப்பாவின் காதருகில் குனிந்தார்.

"சார், காலை ஆட்டுங்க பாப்போம்."

போர்வைக்கடியில் இரண்டு பெருவிரலும் அசைந்தன. அவர் அதோடு விடவில்லை. தன் கையை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது எத்தனை விரல் சார்?"

அப்பா வீங்கிய இமையைச் சிரமப்பட்டுத் திறந்தார். "மூணு" என்றார்.